கரடி டப்பாவும் காற்று மெத்தையும்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் நடக்கப் போவதாகச் சொன்னால் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்குப் பெரிய கவலை கரடி டப்பாதான். அங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் காட்டுப் பகுதியில் இரவு தங்கினால் சாப்பாடு, பற்பசை, சன்ஸ்கிரீன் என வாசனை உள்ள எல்லாமே கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள் இருக்க வேண்டும். பலரும் தூக்கும் பேர்வால்ட் 500 என்ற டப்பா காலியாகவே 1.16 கிலோ. 22 செ.மீ. விட்டமுள்ள கெட்டி பிளாஸ்டிக் உருளை அது. என் பையோ ஃப்ரேம் இல்லாதது; உள்ளே கம்பியும் கிடையாது, பலகையும் கிடையாது.

இப்படிப்பட்ட பைகள் புதிதல்ல. எம்மா கேட்வுட் பாட்டி 1955இல், 67 வயதில், தானே தைத்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழக்கு அமெரிக்காவின் நெடிய அப்பலாச்சியன் நடைபாதையை முழுக்க நடந்து முடித்தார். பிறகு 1990களில் ரே ஜார்டின் போன்ற நெடுந்தூர நடையர்கள் எடைக்குறைப்பை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். ஃப்ரேம் இல்லாத பைக்குள் ஃபோம் பாயைச் சுருட்டி நிறுத்தி, அதன் நடுவே சாமான்களை அடுக்குவது வழக்கம். பாய்தான் அங்கே ஃப்ரேம்.

ஆனால் ஃபோம் பாயில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கணக்கும் அதற்குச் சாதகமாக இல்லை. தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் இசட் லைட் சோல் ஃபோம் பாய் 410 கிராம், குளிர் தாங்கும் ஆர் மதிப்பு 2. அதே நிறுவனத்தின் நியோஏர் எக்ஸ்லைட் காற்று மெத்தை 370 கிராம், ஆர் மதிப்பு 4.5. எடை குறைவு, கதகதப்பு இரண்டு மடங்கு. விறைப்பு மட்டும்தான் இல்லை.

நடை தொடங்கிய யோசெமிட்டியின் டுவாலமி மெடோஸில் பையை அடுக்கும்போது கூட வந்த நண்பன் கேட்டான்: "மெத்தை ராத்திரிக்குத்தானே வேணும், அதை ஏன்டா முதல்ல வைக்கிற?"

ஏனென்றால் அது முதுகுப் பக்கத்துச் சுவர். காற்றை முழுதாக வெளியேற்றி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, அப்புறம் விசிறி மடிப்பாக நான்காக மடித்தால் ஏறக்குறைய 25க்கு 46 செ.மீ. வரும். பையின் முதுகுப் பகுதிக்கு அது கச்சிதம். வால்வ் மேலே, முதுகை ஒட்டிய மடிப்பில் இருக்க வேண்டும், அடுக்கி முடிக்கும்வரை மூடக் கூடாது. அடியில் ஸ்லீப்பிங் பேக், அதன்மேல் டப்பா நிமிர்ந்தபடி, சுற்றிலும் இண்டு இடுக்கெல்லாம் துணிகள். வார்களை இறுக்கிய பிறகு வால்வில் இரண்டே மூச்சு ஊதி மூடுவேன். காற்று எல்லா மடிப்புக்கும் போகாது. முதுகை ஒட்டிய மடிப்பு லேசாக உப்பும், டப்பாவின் வளைவு முதுகில் உறைக்காது. அவ்வளவு போதும். நிறைய ஊதினால் பை உருண்டு முதுகைவிட்டு விலகி, சுமை பின்னால் இழுக்கும்.

உண்மையில் பையை நிமிர்த்துவது மெத்தை அல்ல, சாமான்களை இறுக்கி அடைத்த அடைப்புதான். நெல் நிறைந்த மூட்டை நிற்கும், அரை மூட்டை சாயும். பை தளர்ந்தால் தோள்வாருக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவிலுள்ள நீளம் சுருங்கிவிடும். அப்புறம் இடுப்புப் பட்டை பேருக்குத்தான். மொத்த எடையும் தோளில் தொங்கும்.

சில பைகளில் முதுகுக்கு வெளியே மெத்தை செருக ஓர் உறை இருக்கும். ஃபோமுக்கு அருமையான இடம். காற்று மெத்தையை அங்கே வைக்க எனக்குத் தைரியமில்லை. இங்கே தரையெல்லாம் கிரானைட் பொடியும் பைன் ஊசியும். பையை இறக்கிவைக்கிற ஒவ்வொரு முறையும் சோதனைதான்.

லைல் கேன்யன் பள்ளத்தாக்கில் பாதை ஆற்றோரமாகச் சமதளத்தில் சுலபமாகப் போகும். அதைத் தாண்டி டொனஹ்யூ கணவாய், 3,370 மீட்டர். டுவாலமியைவிட அங்கே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, அதனால் உள்ளே அடைத்த காற்று உப்பும். இரண்டு மூச்சுக்கு அது பெரிதாகத் தெரியாது. இருந்தாலும் உச்சியில் வெயிலில் உட்கார்ந்தபோது வால்வைத் திறந்து மூடினேன்.

அன்றிரவு தௌசண்ட் ஐலண்ட் ஏரி. ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தைச் சுற்றிக் கால் மைல் தூரத்துக்குக் கூடாரம் போடத் தடை. அதனால் கரையோரமாக இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. எதிரே பேனர் சிகரம். முழு மெத்தையையும் வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும் என்பதால், காற்றைப் பிடித்து மெத்தைக்குள் அழுத்தும் ஊதும் பையைப் பயன்படுத்தினேன். பகலில் துணிகளை நனையாமல் காப்பதும் அதே பைதான்.

மறுநாள் டப்பாவில் சாப்பாடு குறைந்திருந்தது. காலி இடத்தில் துணியைத் திணிக்கலாம் என்று தோன்றும். இந்தப் பையில் அது ஆகாது. வெளியே அடைப்பு குறைந்து பை தொளதொளத்துவிடும். டப்பா பாதி காலியாகவே வரட்டும். கார்னெட் ஏரியைத் தாண்டி ரெட்ஸ் மெடோவில் இறங்கும்வரை இடுப்புப் பட்டை தன் வேலையைச் செய்தது.

ஆனால் இது எனக்கு ஒன்பது கிலோ வரைதான் ஒத்துவருகிறது. இதே பாதையில் தெற்கே மியூர் டிரெயில் ராஞ்ச் என்ற தங்குமிடத்தில் உணவு நிரப்பிக்கொண்டால் விட்னி சிகரம்வரை பாதையோரத்தில் கடையே கிடையாது. டப்பா பிதுங்கப் பிதுங்கச் சுமக்க வேண்டிய அந்தப் பகுதிக்கு எந்த மடிப்பும் உதவாது. ஃப்ரேம் வைத்த பையைத்தான் எடுத்துப் போவேன். மெத்தை மட்டும் இதேதான்.