எண்ணப்படாத சில்லறை

பலரும் பாராட்டக் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் அந்தப் படத்தை நேற்றிரவு ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். வேலையிழந்த தகப்பன், இருமலோடு பிறர் வீட்டு வேலைக்குப் போகும் தாய், மூன்று பிள்ளைகள், வாடகை பாக்கி. பின்னணி இசை இல்லை. நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிப்புக்குப் புதியவர்கள். கேமரா தோளில் ஏறிக்கொண்டு, மூச்சு வாங்க அவர்கள் பின்னாலேயே நடக்கிறது. இவற்றில் எதன் மீதும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனாலும் படம் முடிந்தபோது எனக்கு வந்தது துக்கம் அன்று, அலுப்பு. கல்நெஞ்சனாகிவிட்டேனோ என்று முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன். படத்தின் மீது சந்தேகம் வந்தது அதற்குப் பிறகுதான்.

இல்லாமை என்பது பாதிக்கு மேல் கணக்கு. யாருக்கு முதலில் கொடுப்பது, யாரிடம் இன்னும் நாலு நாள் தவணை கேட்பது, எதை அடகு வைத்தால் எப்போது மீட்க முடியும் என்று அப்படிப்பட்ட வீடுகளில் பெரியவர்களின் மனத்துக்குள் ஒரு கூட்டல் கழித்தல் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். இந்தப் படத்திலோ வாடகை பாக்கி எவ்வளவு, தாயின் சம்பளம் எவ்வளவு என்பது கடைசி வரை நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. அதற்குப் பதிலாக அவள் பாத்திரம் கழுவுவதை நான்கு நிமிடம் காட்டுகிறார்கள். குழாய் சொட்டுகிறது, அவள் சுவரைப் பார்க்கிறாள், நாம் அவளைப் பார்க்கிறோம்.

1948இல் வெளிவந்த, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதிலும் நாயகனாக நடித்தவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிதான். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்டால்தான் வேலை என்றதும், மனைவி வீட்டிலிருக்கும் படுக்கை விரிப்புகளை உருவி மூட்டையாகக் கட்டுகிறாள். அடகுக் கடை ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கின் மேல் ஏறுகிறார், இன்னும் ஏறுகிறார். கூரை வரைக்கும் பிறர் வீட்டு விரிப்புகள். ஒருவரும் அழவில்லை, ஆனால் ஊரே எந்த நிலையில் கிடக்கிறது என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. பின்னர் சைக்கிளும் களவு போய், தேடியலைந்து ஓய்ந்த நேரத்தில், தகப்பன் மகனை ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போய், கட்டுப்படியாகாத சாப்பாட்டை வாங்கிக் கொடுத்து, அந்த வேலை நிலைத்திருந்தால் மாதம் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடச் சொல்கிறான். வயிறு நிறைந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சை அடைக்கும் அந்தக் கணக்குக்கு ஈடாக நேற்றைய படத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆவணப்படம் போலவே எடுத்திருக்கிறார்கள் என்று புகழ்கிறார்கள். கேமரா ஆடுவதை மட்டும் ஆவணப்படத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பேன். நல்ல ஆவணப்படங்களில் ஏழைகள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். கேலி செய்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், படம் பிடிக்க வந்தவரையே அதட்டுகிறார்கள். இங்கே ஐந்து பேரும் வாயைக் கட்டிப்போட்டது போல உலவுகிறார்கள். மௌனமாக இருந்தால்தான் பார்ப்பவருக்கு இரக்கம் பிறக்கும் என்று இயக்குநர் நம்பியிருக்கிறார் போலும்.

ஒரேயொரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சில்லறையைத் தரையில் கொட்டி எண்ணச் சொல்கிறாள் தாய். கடைக்குட்டிப் பெண் எண்ணிக்கொண்டே ஒரு நாணயத்தைக் காலால் நகர்த்தித் தன் பாவாடைக்கு அடியில் மறைக்கிறாள். தாய் அதைப் பார்த்துவிட்டாளா, பார்த்தும் விட்டுவிட்டாளா, அந்தக் காசை இவள் என்னதான் செய்யப்போகிறாள் என்று நான் பரபரத்துக்கொண்டிருக்கும்போதே கேமரா திரும்பி, சன்னலோரம் இருமிக்கொண்டு நிற்கும் தாயின் முதுகுக்குப் போய்விட்டது. அந்தக் காசு அதன் பிறகு படத்தில் வரவே இல்லை.