பைத்தான் கோப்புப் பாடம்: சுட்டி எங்கே நிற்கிறது?

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. பைத்தானில் உரைக் கோப்பைப் படிப்பதும் எழுதுவதும் இரண்டிலும் தலைகாட்டும். 'ஆர்' என்றால் படிக்க, 'டபிள்யூ' என்றால் எழுத, 'ஏ' என்றால் கடைசியில் சேர்க்க என்று அட்டவணையை உருப்போட்டால் ஒரு மதிப்பெண் கேள்வியைத் தாண்டிவிடலாம். நிரல் எழுதச் சொன்னால்தான் கை தயங்கும்.

நான் படித்த முறை எளியது. நோட்பேடில் நான்கைந்து வரிகள் கொண்ட கோப்பு ஒன்று. அதில் ஒரு வரியை வேண்டுமென்றே காலியாக விடுவேன். நிரலை ஓடவிடும் முன்பே விடையைத் தாளில் எழுதிவிட வேண்டும். எழுதும்போது கேட்டுக்கொள்ள இரண்டே கேள்விகள்: சுட்டி (கோப்பில் அடுத்துப் படிக்கும் அல்லது எழுதும் இடத்தைக் காட்டும் குறி) இப்போது எங்கே நிற்கிறது? கையில் வந்திருப்பது சரமா (எழுத்துகளின் தொடர், ஸ்ட்ரிங்), பட்டியலா (லிஸ்ட்)?

ரீட் முழுக் கோப்பையும் ஒரே சரமாகத் தரும். உடனே மறுபடி ரீட் செய்தால் வெற்றுச் சரம்தான் வரும்; சுட்டி கடைசிக்குப் போய்விட்டது. சீக் கொண்டு பூஜ்யத்துக்கு இழுத்து வந்த பிறகே மீண்டும் படிக்க முடியும். ரீட் தந்த சரத்தின்மேல் ஃபார் சுழற்சி ஓட்டினால் கிடைப்பது எழுத்து எழுத்தாக. ரீட்லைன்ஸ் தந்த பட்டியலில் ஓட்டினால் வரி வரியாக. வரிகளை எண்ணச் சொன்ன கேள்விக்கு எழுத்துகளை எண்ணி வைப்பது இங்கேதான் நடக்கிறது.

'டி' எழுத்தில் தொடங்கும் வரிகளை எண்ணும் கேள்வி அடிக்கடி வரும். ஸ்ட்ரிப் (வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தையும் வரிமுறிவையும் நீக்குவது) போட்டுவிட்டு முதல் எழுத்தைப் பார்த்தால், காலி வரியில் எழுத்தே இல்லாததால் இண்டெக்ஸ் பிழை விழும். ஸ்ட்ரிப் இல்லாவிட்டால் அங்கே வரிமுறிவுக் குறி இருப்பதால் பிழை வராது. சரம் எதில் தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்லும் ஸ்டார்ட்ஸ்வித் இருக்கும்போது இந்தத் தலைவலியே வேண்டாம்.

எழுதும் பக்கத்தில் 'டபிள்யூ' முறை கொஞ்சம் பொல்லாதது. ஓபன் செய்த கணமே பழைய உள்ளடக்கம் போய்விடும், ஒரு எழுத்துகூட எழுதாவிட்டாலும். ரைட் தானாக வரியை முறிக்காது. எண்ணைக் கொடுத்தால் ஏற்காது, சரமாக மாற்றித்தான் தர வேண்டும். செய்முறைத் தேர்வில் எழுதிய கோப்பு காலியாகத் தெரிந்தால் முதலில் குளோஸ் போட்டீர்களா என்று பாருங்கள். எழுதியது இன்னும் இடைநினைவகத்திலேயே இருக்கலாம். வித் பயன்படுத்தினால் கோப்பை அதுவே மூடிவிடும், அந்தக் கவலையும் இல்லை.

தமிழில் எழுதிப் பார்க்கும் ஆசை இருந்தால் ஓபனிலேயே யூடிஎஃப்-8 குறியேற்றத்தை (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) குறிப்பிடுங்கள். பல விண்டோஸ் கணினிகளில் அது இல்லாமல் பிழைதான் வரும். 'தமிழ்' என்ற சொல்லை எழுதினால் ரைட் 5 என்று திருப்பித் தரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கோப்பின் அளவோ 15 பைட்.