சார்லொட்டன்பர்க் நாட்குறிப்பு: போருக்குப் பின் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

பெர்லினின் மேற்கே, குருனேவால்டு காட்டுக்குள் இருக்கும் டாய்ஃபெல்ஸ்பெர்க் இயற்கையாக எழுந்த குன்று அல்ல. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லையும் காரையையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி எழுப்பிய மேடு அது. இன்று ஏறிப் பார்த்தேன். மழைநீர் அரித்த பாதையோரத்தில் செங்கல் சில்லுகளும் யாரோ ஒருவர் குளியலறையின் வெள்ளை ஓட்டுத்துண்டுகளும் மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன.

இந்த மேட்டின் அடியில் ஒரு கல்லூரி புதைந்திருக்கிறது. பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தின் போர்த்தொழில்நுட்பப் புலத்துக்காக 1937இல் ஹிட்லரே அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. போருக்குப் பிறகு அதைத் தகர்த்து அகற்றுவது பெரும்பாடாக இருந்ததால், அதன்மேல் இடிபாடுகளைக் கொட்டி மூடிவிட்டார்கள். கட்டடத்தை அப்படி மூடிவிட முடிந்தது. அதைக் கேட்டுவாங்கிய கல்விமுறையை என்ன செய்தார்கள் என்பதை அறியத்தான் இந்த விடுப்பில் இங்கே வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

1946ஆம் ஆண்டு இதே நாளில்தான் அந்தக் கல்விக்கூடம் மீண்டும் திறக்கப்பட்டது. 1945 ஏப்ரலில், சோவியத் படை நகரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த நாட்களில் மூடப்பட்ட இடம் அது. போரில் வென்ற நாடுகள் பெர்லினைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டபோது, கல்விக்கூடம் இருந்த சார்லொட்டன்பர்க் வட்டாரம் பிரிட்டிஷ் பகுதிக்குள் வந்ததால், திறக்கும் அதிகாரம் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்திடம் இருந்தது. பழைய நிறுவனத்தைப் பழையபடியே தொடரவிட அவர்கள் விரும்பவில்லை. 1879 முதல் ‘தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம்’ என்று இருந்ததைத் ‘தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்’ என்று மாற்றினார்கள். திறப்பு விழாவில் பேசிய பிரிட்டிஷ் தளபதி எரிக் நேர்ஸ், கல்வியின் முதல் நோக்கம் சமூகத்தில் பொறுப்போடு நிற்கக்கூடிய முழு மனிதரை உருவாக்குவதே என்றும், நல்ல பொறியாளரையோ நல்ல கட்டடக் கலைஞரையோ உருவாக்குவது அதற்கு அடுத்ததுதான் என்றும் சொன்னார்.

ஒரு ராணுவத் தளபதி, தோற்ற நாட்டின் மாணவர்கள் முன்னால் நின்று, முதலில் மனிதர், பிறகே பொறியாளர் என்று வரிசைப்படுத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் அந்த வரிசையை ஆணையிட்டவர்கள் வெளியாட்கள். வகுப்பறைக்குள் அதை நடத்திக்காட்ட வேண்டியவர்களோ உள்ளே இருந்த பேராசிரியர்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அந்தப் பேராசிரியர்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் 1933இலிருந்து தொடங்க வேண்டும். இயந்திரக் கருவிகளுக்கென ஏற்படுத்தப்பட்ட துறைக்கு 1904 முதல் தலைவராக இருந்த கியோர்க் ஷ்லெசிங்கர், யூதர் என்பதால் 1933இல் கைது செய்யப்பட்டு, பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, 1949இல் இங்கிலாந்தில் இறந்தார். இங்கே கற்பித்துவந்த இயற்பியலாளர் யூஜின் விக்னர் வேலையை இழந்தார். நோபல் பரிசு பெற்ற குஸ்தாவ் ஹெர்ட்ஸ், யூதப் பூர்வீகத்தைக் காரணம் காட்டித் தேர்வு நடத்தும் உரிமை பறிக்கப்பட்டதும் பதவியை விட்டு விலகினார்.

ஓர் இயந்திரப் பொறியியல் ஆசிரியனாக எனக்கு ஷ்லெசிங்கரின் கதை மிகவும் நெருக்கமானது. கடைசல் எந்திரத்தின் துல்லியத்தைச் சோதிக்க அவர் வகுத்த முறைகள் இன்றும் பணிமனைகளில் பயன்படுகின்றன. சுழல்தண்டு எத்தனை மைக்ரான் தள்ளாடுகிறது என்பதை அவர் வழியில் அளக்கப் பழகிய நாங்கள், அவரை வெளியேற்றியபோது பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

போருக்குப் பிறகு நாஜித் தொடர்புக்காகப் பலர் பதவி நீக்கப்பட்டார்கள். ஆனால் 1950களில் மேற்கு ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களுக்குள் அவர்களில் கணிசமானோர் திரும்பிவிட்டார்கள். துரத்தப்பட்டவர்களில் திரும்பியவர்கள் சிலரே.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஃபசானென் தெருவில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் பகல் முழுவதும் கழிந்தது. 1948இல், பிரிட்டிஷ் பகுதியின் உயர்கல்வியைச் சீரமைக்க அமைக்கப்பட்ட குழு ஒன்று அறிக்கை தந்தது. அதன் அட்டையின் நிறத்தால் ‘நீல அறிக்கை’ என்றே அதை அழைக்கிறார்கள். தொழிற்கல்வி பெறும் மாணவர்களுக்கும் தம் துறையைத் தாண்டிய பொதுக் கல்வி வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 1950இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மானுடப் புலம் ஒன்று தொடங்கப்பட்டு, தத்துவம், வரலாறு, இலக்கியம் போன்றவை பொறியியல் மாணவர்களின் பாடத்திட்டத்தில் கட்டாயமாயின.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்விக்கூடமும் ஏறக்குறைய அதே வேளையில் அதே முடிவுக்கு வந்தது: வாரன் லூயிஸ் தலைமையிலான குழுவின் 1949 அறிக்கையைத் தொடர்ந்து அங்கும் மானுடப் பாடங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் தனிப் பள்ளி உருவானது. ஆனால் அது வென்ற நாட்டின் நிறுவனம். போர்க்கால ராடார் ஆய்வில் கிடைத்த பெருமையோடு தன்னைத் திருத்திக்கொண்டது. பெர்லினில் அந்தத் தேவை குற்றத்திலிருந்து பிறந்தது. எனவே பெர்லினின் சீர்திருத்தம் ஆழமாகப் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். படித்த அளவில் எனக்குத் தோன்றுவது வேறு. இலக்கியமும் தத்துவமும் பொறியியலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டன. பொறியியல் பாடங்கள் உள்ளே மாறவில்லை. எறிகணையின் பாதையைக் கணக்கிடும் வகுப்பு அந்த எறிகணை எங்கே விழுந்தது என்பதைப் பேசாமலே முடிந்துவிட, அதைப் பேசும் பொறுப்பு வேறொரு புலத்தின் தலையில் விழுந்தது. அந்தக் கட்டாயமும் நீடிக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1959இல் இங்கே இலக்கியப் பேராசிரியராக வந்த கவிஞர் வால்டர் ஹொலரர், தொழில்நுட்ப யுகத்தில் மொழி என்னவாகிறது என்பதையே பொருளாக்கி 1961இல் ஓர் இதழைத் தொடங்கினார். இலக்கியம் பொறியியலுக்கு அலங்காரமாக நிற்காமல், அதையே கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளை ஊருக்குக் கிளம்புகிறேன். இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டபோது, அதற்குத் துணைநின்ற ஜெர்மன் நிறுவனங்களில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஒன்று. சில ஆண்டுகளாக அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ ஆகிய பாடங்களைப் படிக்கிறார்கள். அவற்றை நான் மனமார வரவேற்கிறேன். நெசவும் பானைத்தொழிலும் இரும்பு உருக்கலும் வகுப்பறைக்குள் வந்தது நல்ல காரியம்.

ஆனால் அந்தப் பாடங்களை நடத்த இயந்திரவியல் துறையிலிருந்து நாங்களும் போக வேண்டும். எங்கள் துறைக் கூட்டத்தில் முன்வைக்க இரண்டு கோரிக்கைகள் எழுதிவைத்திருக்கிறேன். இரும்பு உருக்கல் பற்றிய வகுப்பை உலோகவியல் நடத்தும் ஆசிரியரே எடுக்கட்டும். அடுத்து, இயந்திரக் கருவிகள் பாடத்தில் துல்லியச் சோதனையை நடத்தும்போது ஷ்லெசிங்கருக்கு 1933இல் நடந்ததையும் அதே ஆசிரியர், அதே பாடவேளையில் சொல்லட்டும். தேர்வில் அதற்கும் ஒரு கேள்வி இருக்கட்டும்.