அம்மாவுக்கு ஈசிஎச்எஸ் கார்டு வாங்கிய கதை, பிரைவேட் பாலிசி பார்த்த கதை

24 வருஷ சர்வீஸ் முடித்து 2019-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். வரும்போதே ஈசிஎச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்குமான மருத்துவத் திட்டத்தின் சந்தா 30,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. ஹவில்தார் வரைக்கும் அதுதான் தொகை, சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, ஆபீசர்களுக்கு 1,20,000. ஒரே ஒரு முறை கட்டினால் போதும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் பிரீமியம் கிடையாது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பென்ஷனோடு ஓய்வு பெறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது கட்டாயம், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கார்டு வந்தது. அம்மாவுக்கு மட்டும் வரவில்லை, நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

விட்டதற்குக் காரணம் உண்டு. வெளியே வந்த கையோடு ஒரு தனியார் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கம்பெனி குரூப் பாலிசியில் அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். வீட்டிலிருந்து 4 கிலோமீட்டரில் இருக்கிற மருத்துவமனையில் கார்டைக் காட்டினால் போதும். ஈசிஎச்எஸ்ஸின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக் எங்களுக்கு 38 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். யார் போவார்கள்? பணிக்கால நண்பர்கள் போனில் பேசும்போதெல்லாம் "பேப்பரைச் சரி பண்ணி வை அண்ணே" என்று சொல்வார்கள், நானும் சரி சரி என்பேன்.

2024 ஜூலையில் அந்த வேலை போனது. வேலை போன அன்றைக்கே பாலிசியும் போனது. இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. குரூப் பாலிசியிலிருந்து வெளியேறும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ளக் கேட்கலாம், அதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். எச்.ஆரிடம் கடைசி நாளுக்கு முன்பே கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அப்போது 72 வயது. பி.பி.யும் சுகரும் பத்து வருஷமாக உண்டு. மருந்துக்கு மட்டும் மாதம் 2,600 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. முதலில் பிரைவேட் பாலிசிதான் பார்த்தேன். 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி தரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் 2024 ஏப்ரலில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அந்த வயது வரம்பையே எடுத்துவிட்டிருந்தது. சரி, எடுக்கலாம் என்று ஏஜெண்டை வீட்டுக்கு வரச் சொன்னேன். 5 லட்சம் கவர், ஜி.எஸ்.டி.யோடு வருஷம் 41 ஆயிரத்துச் சொச்சம். அதுவும் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் தாளைப் புரட்டினேன். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு 36 மாதக் காத்திருப்பு. ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் நம் கையிலிருந்து, இதைத்தான் கோ-பே என்கிறார்கள். அறை வாடகைக்கு ஒரு வரம்பு. மாத மருந்துக்கு எதுவும் கிடையாது. சுகரும் பி.பி.யும் இருக்கிற 72 வயது அம்மாவுக்கு எந்த நோய் வரும் என்று நாம் பயப்படுகிறோமோ, அதற்கெல்லாம் மூன்று வருஷம் பொறுக்கவேண்டும், அந்த மூன்று வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் கட்டவும் வேண்டும். ஏஜெண்ட் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை, "சார், உங்களுக்குத்தான் மிலிட்டரி ஸ்கீம் இருக்குமே, அதைப் பாருங்க" என்று அவரே சொன்னார்.

ஈசிஎச்எஸ்ஸில் காத்திருப்புக் காலம் கிடையாது, வயது கிடையாது, முன்பே இருந்த நோய் என்ற பேச்சே கிடையாது, இத்தனை லட்சம்தான் என்ற மேல்வரம்பும் கிடையாது. பெற்றோரைச் சேர்க்க அவர்களுடைய மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்கவேண்டும், நம்மைச் சார்ந்து இருக்கவேண்டும். அப்பா இறந்து அம்மா என்னோடுதான் இருக்கிறார், வருமானம் என்று எதுவும் இல்லை. ஆக, தகுதியில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் ஒரே ஒரு எழுத்தில் இருந்தது.

1995-ல் நான் பட்டாளத்தில் சேரும்போது எழுதிய பெயர் 'அம்மா' என்று முடிகிறது. ஆதாரில் 'அம்மாள்'. பிறந்த வருஷமும் இரண்டு வருஷம் வித்தியாசம். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் பாலிகிளினிக் சரிபார்ப்பில் திரும்பி வந்தது. பட்டாளத்திலிருந்து வரும்போது தருகிற டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி இருக்கவேண்டும், இல்லையென்றால் ராணுவ ரெக்கார்டில் திருத்தவேண்டும். அந்தக் கவுன்ட்டரில் இருந்தவரும் எங்களைப் போல ஒரு முன்னாள் ராணுவத்தினர்தான். டிஸ்சார்ஜ் புக்கையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவின் மூடியால் அந்தக் கடைசி எழுத்தைத் தொட்டுக் காட்டி, "இது ஒண்ணுதான் சார், ஆனா இதை நான் தாண்டி விட்டேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரி பில்லு நிக்கும்" என்றார். அன்றைக்குக் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பது பிப்ரவரியில் புரிந்தது.

ஆதாரை ரெக்கார்டுக்கு ஏற்ப மாற்றுவதா, ரெக்கார்டை ஆதாருக்கு ஏற்ப மாற்றுவதா என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை நான்கிலும் 'அம்மாள்'தான் இருந்ததால் நான் ரெக்கார்டைத் திருத்தத்தான் போனேன். முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழி, ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ. எனும் பென்ஷன் ஆணை நகல், ஒரு விண்ணப்பக் கடிதம். மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் கடிதத்தை எப்படி எழுதவேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பதிவுத் தபாலில் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போனது. ஒரு முறை திரும்பி வந்தது, உறுதிமொழியில் என் ஆர்மி நம்பர் விட்டுப்போயிருந்தது, அது என் தவறு. மறுபடி அனுப்பினேன். ஆகஸ்டில் தொடங்கியது ஜனவரியில்தான் முடிந்தது.

நடுவில் ஒரு குழப்பம் வந்தது. 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்கும் 5 லட்சம் கவர் என்று ஒன்றிய அரசு தொடங்கியது. வருமான வரம்பு இல்லை. பக்கத்து வீட்டில் எல்லாரும் "அதை எடுத்துடுங்க, எதுக்கு இந்த அலைச்சல்" என்றார்கள். ஆனால் ஈசிஎச்எஸ் போன்ற திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்தத் திட்டம் படுக்கையில் சேர்ந்து எடுக்கிற சிகிச்சைக்கானது, மாதாமாதம் வாங்குகிற சுகர் மாத்திரைக்கு அல்ல. 5 லட்சம் என்ற வரம்பும் உண்டு. யாருக்கும் எந்தக் கவரும் இல்லாத வீட்டில் அது பெரிய வரம், எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு எடுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த மூன்று மாதம் எந்தக் கவரும் இல்லாமல் இருந்தபோது தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

ஜனவரியில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கார்டு வரும்வரை பயன்படுத்த ஒரு தற்காலிகச் சீட்டு ஆன்லைனில் வரும், அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்று, என் பர்சில் ஒன்று வைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி 2 மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குடா" என்றார். ஆட்டோவில் அல்ல, 108-ஐக் கூப்பிட்டோம். ஈசிஎச்எஸ் பட்டியலில் இருக்கிற மருத்துவமனைக்கே போகச் சொன்னேன். அவசரத்துக்குப் பாலிகிளினிக் தருகிற பரிந்துரைச் சீட்டு, அதாவது ரெஃபரல் தேவையில்லை, நேராகச் சேரலாம், மருத்துவமனைதான் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்கவேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அந்த லேமினேட் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் கார்டு இல்லையா சார், அப்ப 50,000 அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்றார். அம்மா ஸ்ட்ரெச்சரில். எனக்குக் கை நடுங்கியது. பட்டியலில் உள்ள மருத்துவமனை அவசரத்தில் முன்பணம் கேட்கக்கூடாது, இந்தச் சீட்டு கார்டுக்குச் சமம், டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று மூன்றையும் சத்தம் போடாமல் சொன்னேன். டாக்டர் வந்தார், ஈ.சி.ஜி. பார்த்தார், "முதல்ல உள்ள கொண்டு போங்க" என்றார். காலையில் அவர்களுடைய ஈசிஎச்எஸ் பிரிவில் இருந்தவர் வந்து சீட்டை ஸ்கேன் செய்தார். நானும் 9 மணிக்குப் பாலிகிளினிக்குக்குப் போன் செய்து சொல்லி வைத்தேன். பெயர் மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தது, எந்தக் கேள்வியும் வரவில்லை.

ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், ஐந்து நாள். எங்கள் ரேங்குக்கு ஜெனரல் வார்டு, ஆறு கட்டில். சுத்தமாக இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று பில்லில் கையெழுத்து வாங்கினார்கள், ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுப் போட்டேன். நான் கட்டியது பூஜ்யம்.

அங்கே காத்திருப்புக் கூடத்தில் ஒருவர் பழக்கமானார். அவருடைய அப்பாவுக்கும் ஸ்டென்ட்தான், நல்ல கம்பெனி பாலிசி, ஆறு வருஷமாக விடாமல் கட்டுகிறார். பாலிசியில் அறை வாடகை 3,000 வரை, இவர்கள் எடுத்தது 5,000 ரூபாய் அறை. வித்தியாசம் 2,000தானே என்று நினைத்திருக்கிறார். ஆனால் வரம்பைத் தாண்டினால் டாக்டர் ஃபீஸ் போன்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள், அதற்குமேல் 20 சதவீதம் வேறு. முக்கால் லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போனது. பாவம், அவரிடம் யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதற்காக ஈசிஎச்எஸ்ஸில் எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பாலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்கவேண்டும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த 38 கிலோமீட்டர் போய் வருவது ஒரு நாள் வேலை. எழுதிய மருந்தில் ஒன்றிரண்டு ஸ்டாக் இல்லை என்பார்கள், என்.ஏ. (கையிருப்பில் இல்லை) என்று எழுதி வாங்கி வெளியே ஏற்பாடு செய்யவேண்டும். பில் பணம் தாமதம் என்று சில மருத்துவமனைகள் ஈசிஎச்எஸ் நோயாளிகளை எடுப்பதை நிறுத்துவதும் நடக்கிறது, அதனால் போகும் முன் போன் செய்து கேட்டுவிட்டே கிளம்புகிறேன். பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரமாகச் சேர்ந்தால், நாமே 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லி, முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, பிறகு சி.ஜி.எச்.எஸ். எனும் ஒன்றிய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் கட்டணப்படிதான் திரும்ப வாங்க முடியும். மீதி நம் பொறுப்பு.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் எனக்கும் மனைவிக்கும் மட்டும் தனியாக 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்தேன். வீட்டுக்கு 4 கிலோமீட்டரில் உள்ள மருத்துவமனை ஈசிஎச்எஸ் பட்டியலில் இல்லை, இன்சூரன்ஸ் பட்டியலில் இருக்கிறது. எங்களுக்கு 50 வயதுக்குள், லேசான பி.பி. தவிர ஒன்றும் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதினேன். அறை வாடகை வரம்பு, கோ-பே இரண்டும் இல்லாததாகப் பார்த்து எடுத்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் கொஞ்சம் உதவி. பிரீமியம் தாங்காத வயது வந்தால் விட்டுவிடுவேன், பின்னால் ஈசிஎச்எஸ் இருப்பதால் அந்தத் தைரியம் இருக்கிறது. பையன் வேலைக்குப் போய்விட்டான், 25 வயதும் ஆகிறது, இனி என் கார்டில் வரமாட்டான், அவன் பெயரில் தனியாக ஒன்று எடுக்க வைத்தேன். பெண் கோயம்புத்தூரில் படிக்கிறாள், கல்யாணம் ஆகிறவரை அல்லது சம்பாதிக்கிறவரை கார்டு உண்டு, அங்கே இருக்கிற பாலிகிளினிக்குக்கே போகலாம்.

எங்கள் சித்தப்பா 1989-ல் நாயக்காக ஓய்வு பெற்று வந்தவர். ஈசிஎச்எஸ்ஸில் சேரவே இல்லை, மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொண்டிருக்கிறார். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவே கிடையாது, அந்த 1,000 ரூபாய்ப் படியை விட்டுக்கொடுத்தால் போதும், அவருக்குப் பிறகு சித்திக்கும் தொடரும். இத்தனை வருஷம் சொல்லிக் கேட்காதவர், அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து யோசிக்க ஆரம்பித்தார். போன வாரம் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன். சித்தியின் பெயரில் ஒரு எழுத்து வேறாக இருக்கிறது. திங்கட்கிழமை அம்மாவுக்கு மருந்து வாங்கும் நாள், 5.40 பஸ்ஸுக்கு அவரும் வருகிறார், திருத்தத்துக்கான உறுதிமொழியை ஆர்மி நம்பரோடு நானே எழுதி வைத்திருக்கிறேன்.