கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கக் கூடாது: வேலூரில் ஒரு படக் கண்காட்சி

திருநங்கைகளைப் படமெடுக்க வேண்டும் என்றால் பலர் சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அரவானுக்காகத் தாலியறுத்து அழும் காலைதான் அவர்களுக்கு வேண்டும். மற்ற நாளெல்லாம் அதே ஆட்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதை எடுக்கத்தான் நாங்கள் இறங்கினோம். திருநங்கைகள், திருநம்பிகள் (பிறந்தபோது பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்), ஆண்-பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் எனப் பன்னிரண்டு பேர். ஏப்ரல் 15, திருநங்கையர் தினத்தன்று படங்கள் சுவரில் ஏற வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்ததும் அதே தேதிதான்.

கேமராவுக்கு முன்னால் ஒப்புதல் தாள்: தமிழில், ஒரே பக்கம். ‘படத்தைப் பயன்படுத்தலாமா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பின்னால் சிக்கல். கண்காட்சிச் சுவர், செய்தித்தாள், இன்ஸ்டாகிராம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். சுவருக்குச் சரி என்பவர் இன்ஸ்டாவுக்கு வேண்டாம் என்பார். ஊரில் அம்மாவுக்கு இன்னும் தெரிந்திருக்காது. எந்தப் பெயர் போட வேண்டும், அக்காவா அண்ணனா வெறும் பெயரா என்பதும் அதிலேயே இருக்கட்டும். குழுப்படத்திலிருந்து ஒருவர் பின்வாங்கினால் படமே போச்சு; அதனால் கையோடு ஒவ்வொருவரையும் தனியாகவும் எடுத்துவிட வேண்டும். போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டு வாசலில் எடுத்த படம் முகவரியையும் சேர்த்துச் சுமந்து போகும்.

கோட்டையில் கையில் பிடித்து எடுக்கலாம். ஸ்டாண்டு, லைட் என்று விரித்தால் தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதம் வேண்டும். எங்களுக்குப் பாலாற்று மணல்தான் கைகொடுத்தது. வெளிறிய மணல் கீழிருந்து வெளிச்சத்தை வீசி, கண்ணுக்கடியிலும் தாடைக்கடியிலும் விழும் நிழலை நிரப்பிவிடும். மணல் இல்லாத இடத்தில் ஒரு தெர்மாகோல் அட்டை போதும். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். அப்புறம் மேக்கப் வழியும்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கேமராவை அதன் போக்கில் விடாதீர்கள். பின்னால் வெள்ளை மணல் இருந்தால் கேமரா முகத்தை இருட்டாக்கும். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வையுங்கள், மல்லிகைப்பூ வெளுத்துப்போகிறதா என்று ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் பாருங்கள், JPEG ஆக இல்லாமல் RAW ஃபைலாக எடுங்கள். சிரிப்பு நகரும், ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே குறைந்தால் கலங்கலாம். போன் என்றால் பியூட்டி மோடை முதலில் அணைக்கணும், ஆளையே மாற்றி வெள்ளையடித்துவிடும். இரண்டடியில் நின்று எடுத்தால் மூக்கு பெருக்கும். ஆறடி தள்ளி நின்று 2x ஜூமில் எடுங்கள். பக்கவாட்டு வெயில் தாடி நிழலைத் தூக்கிக் காட்டும். அது தெரியட்டும் என்பவரும் உண்டு, வேண்டாம் என்பவரும் உண்டு. கேட்டுவிட்டு நிற்க வையுங்கள்.

திருநம்பிகள் சிலர் மார்பை இறுக்கும் பைண்டர் போட்டிருப்பார்கள். வேலூர் வெயிலில் அதோடு ஓடவோ குதிக்கவோ சொல்லக் கூடாது, மூச்சு முட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிழல், தண்ணீர்.

தேர்வு அவர்களுடையது. 4×6 பிரின்ட் போட்டுப் பாயில் பரப்பினோம். நாங்கள் ஒளியைப் பார்த்துக் கை வைத்த படங்களை விட்டுவிட்டு, புடவைக் கொசுவம் ஒழுங்காக விழுந்ததை எடுத்தார்கள். அதுதான் சுவரேறியது.

பெரிய பிரின்ட் 12×18 அங்குலம். 24 மெகாபிக்சல் தாராளம். லேபில் ‘கலர் கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதியே கொடுங்கள், வாயால் சொன்னால் பழக்கதோஷத்தில் சிவப்பாக்கிவிடுவார்கள். மேட் தாள் எடுங்கள். பளபளத் தாளில் முகத்துக்குப் பதிலாக டியூப்லைட்தான் தெரியும். ஃப்ளெக்ஸ் மலிவுதான், ஆனால் நம்மூரில் ஃப்ளெக்ஸில் தனி முகம் சிரித்தால் ‘யார் தவறிட்டாங்க?’ என்று கேட்பார்கள். 5 மி.மீ. சன்போர்டில் (எடை குறைந்த ஃபோம் பலகை) ஒட்டி, படத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் வருகிற மாதிரி மாட்டுங்கள். டபுள் டேப்பை நம்ப வேண்டாம், மதியச் சூட்டில் கழன்று விழும். ஓட்டை போட்டு நூல் கோத்து ஆணியில் தொங்கவிடுங்கள்.