ஐப்பசி மழையைத் தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்கினேன்

வீட்டை அழகுபடுத்தலாம் என்று நினைத்து யூடியூபைத் திறந்தால் எல்லா வீடும் ஒரே வீடாகத்தான் தெரிகிறது. வெள்ளை சோபா, தங்க நிறக் கால் வைத்த டீப்பாய், சுவரில் வால்பேப்பர். பெங்களூரில் பதினோராவது மாடியில் இருப்பவர்களுக்கு அது சரி. நாங்கள் இருப்பது கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். இங்கே சைக்கிள் கேரியரே இரண்டு வருஷத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும். முலாம் பூசிய இரும்புக் கால் எந்த மூலைக்கு?

ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபமெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். இவர் 25,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "இதுக்குள்ள முடிச்சிடு" என்றார். எதை வாங்கினாலும் ஒரே கேள்விதான் கேட்பது என்று நானும் முடிவு செய்துகொண்டேன்: இது ஐப்பசி மழையைத் தாங்குமா? இப்போது மார்கழி. மழை ஒரு சுற்று வந்து போய்விட்டது. எது தேறியது என்று இனி தைரியமாக எழுதலாம்.

எங்கள் வீடு மாமனார் கட்டியது. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, முன்னால் சின்னத் திண்ணை. பெரிய தலைவலி சுவர்தான். கூடத்தில் முழங்கால் உயரம் வரைக்கும் உப்பு பூத்துக் கிடந்தது. பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி, தொட்டால் உதிரும். முதலில் வந்து பார்த்த பையன் பட்டி பார்த்து, மேலே நல்ல எமல்ஷனாக அடித்துவிடலாம், நாற்பதாயிரம் ஆகும் என்றான். இதற்கு முன் அடித்ததும் எமல்ஷன்தானே தம்பி என்று கேட்டேன். பதில் இல்லை.

தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டுதான் ஏறும். சுவரின் முகத்துக்கு வந்து காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். மேலே எமல்ஷன் மாதிரி பிளாஸ்டிக் பெயின்ட் இருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பெயின்டையே பெயர்த்துத் தள்ளும். சுண்ணாம்புக்கு அந்தத் தொல்லை இல்லை, ஈரத்தை வெளியே விட்டுவிடும். அந்தக் காலத்து ஆட்கள் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது சாமிக்காக மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். விசாரித்து விசாரித்து, அறுபது தாண்டிய ஒரு பெரியவரைப் பிடித்தோம். பங்குனி வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்திருந்த நேரம். பழைய பெயின்டைச் சுரண்டி எடுக்கவே பாதி வேலை ஓடியது. பிளாஸ்டிக் பெயின்ட் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பெவிக்கால் சேர்த்தார். அடிப்பதற்கு முன் சுவர் மேல் தண்ணீர் தெளித்தார். காய்ந்த சுவரை நனைக்கிறாரே என்று நான் பார்த்தேன். "செவுரு தண்ணி குடிச்சிருக்கணும்மா, இல்லன்னா சுண்ணாம்பு தண்ணிய அது குடிச்சிடும், அப்புறம் பவுடரா உதிரும்" என்றார்.

அடித்தவுடன் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். வெறும் தண்ணீர் பூசியதுபோல் பழைய கறையெல்லாம் அப்படியே தெரிந்தது. "இதுக்கா கூலி?" என்று அத்தை, என் மாமியார், கேட்டேவிட்டார். சாயங்காலம் காயக் காய வெளுத்துக்கொண்டே வந்தது. மூன்று பூச்சு முடிந்தபோது அத்தை வாயே திறக்கவில்லை.

கூடத்துக்கு மட்டும் நிறம் வேண்டும் என்று ஆசை. பாண்டிச்சேரியில் ரோமன் ரோலன் வீதிப் பக்கம் நடந்தால் வெள்ளைக் கரை வைத்த மஞ்சள் சுவர்கள் வரிசையாக நிற்கும் இல்லையா, அந்த மஞ்சள். சுண்ணாம்பில் எல்லாச் சாயமும் நிற்காது, அதன் காரம் பலவற்றை வெளிற வைத்துவிடும். மண்ணிலிருந்து எடுக்கிற காவி நிற்கும். கடையில் மஞ்சக் காவி என்று கேட்டால் பொடியாகக் கொடுப்பார்கள், விலையும் சொற்பம். அதைக் கலந்தார். காலை வெயிலில் ஒரு மஞ்சள், விளக்கு போட்டால் வேறு மஞ்சள். எமல்ஷன் ஷேட் கார்டில் இது கிடைக்கவே கிடைக்காது.

மூன்று அறைக்கும் கூலி, சரக்கு எல்லாம் சேர்த்து 9,000. மழைக்குப் பிறகு இரண்டு இடத்தில் லேசாக உப்பு பூத்திருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். காய்ந்த விளக்குமாறால் தட்டிவிட்டால் போகிறது. ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

தரைக்குச் செலவே இல்லை. எப்போதோ விரித்த வினைல் ஷீட்டைச் சுருட்டி எடுத்தோம். அடியில் சிவப்புத் தரை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. டைல்ஸ் ஒட்டச் சொல்லி வராத ஆள் இல்லை. டைல்ஸ் ஒட்டினால் தரை உயரும், தரை உயர்ந்தால் எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும். தேக்குக் கதவை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. கழுவிக் காயவிட்டு, பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தோம். அவ்வளவுதான், முகம் தெரிகிறது.

அப்புறம் அந்தப் பலாப் பலகை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறியது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மாமனாரின் கூட்டாளி ஒருவருக்குத் தோப்பு இருந்தது. விழுந்த மரத்தில் ஒன்றை அறுத்து ஒரு பலகையை மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார். ஏழடி நீளம், ஒன்றரை அடி அகலம். என்ன செய்வதென்று தெரியாமல் அது மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்தே இருந்தது. மாமா போன பிறகும் அங்கேயேதான்.

ஆசாரி வந்து ஓரத்தில் லேசாக இழைப்புளி போட்டார். மேலே கறுத்துக் கிடந்த பலகை உள்ளே நல்ல மஞ்சளாக இருந்தது. பலா மரம் அப்படித்தான், அறுத்த புதிதில் மஞ்சள், வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வந்து பிறகு பழுப்பாகும். ஒரு பக்கம் பட்டையின் வளைவை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். "ஏம்மா, நேரா அறுத்தாதான அழகு" என்று ஆசாரிக்கு வருத்தம். ஜன்னலுக்குக் கீழே பெஞ்சாகப் போட்டோம், கால்களும் மரம்தான். கூலி 4,500. அதே விலைக்குக் கடையில் கிடைப்பது அமுக்கின மரத்தூள் பலகை. அது மழைக்காலத்தில் ஊறி வீங்கிவிடும், பிறகு திருகாணி நிற்காது.

பெஞ்சில் சாய்ந்தால் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டும். அதனால் பின்னால் முதுகு படும் உயரத்துக்கு ஒரு கோரைப்பாயைக் குறுக்கே கட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள், எங்கே வாங்கினீர்கள் என்று. பாய்க் கடையில்தான்.

திரைச்சீலைக்குப் பழைய கைத்தறிப் புடவை. கணக்கு சுலபம்: ஐந்தரை மீட்டர் என்றால் பதினெட்டு அடி. ஏழடிக் கதவுக்கு மடிப்பு சேர்த்து ஏழரை அடியாக இரண்டு துண்டு போக, முந்தானை மூன்று அடி மிஞ்சும். அதில் தலையணை உறை. கரை இரண்டு ஓரத்திலும் நேராக இறங்கும், தனியாக பார்டர் வைக்க வேண்டியதில்லை. கம்பி போட்டால் துரு துணியில் இறங்கிவிடும். இந்தப் பக்கத்தில் சவுக்குக்கா பஞ்சம்? கட்டைவிரலைவிடச் சற்றே தடித்த கழிகளைப் பட்டை உரித்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து மாட்டினோம்.

விளக்கில்தான் வீட்டில் சண்டை. டியூப் லைட்டை நிறுத்திவிட்டு இளமஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்.இ.டி. பல்புகளைப் போட்டேன், அந்த மஞ்சள் சுவருக்கு அதுதான் சரி. அத்தை வாசலிலேயே நின்று, "என்னம்மா, எழவு வூடு மாதிரி மினுக்குமினுக்குன்னு?" என்றார். ஒப்பந்தம் இதுதான்: அத்தை பேப்பர் படிக்கும் வரை டியூப் லைட், அதற்குப் பிறகு என் விளக்கு. ஒரு விளக்குக்கு மட்டும் பாண்டிச்சேரிப் பக்கத்து வில்லியனூர் சுடுமண்ணில் ஓட்டைகள் போட்ட மூடி வாங்கினேன். புவிசார் குறியீடு பெற்ற ஊர்ச் சரக்கு, அதனால் விலை ஏறியிருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். அப்படி ஒன்றும் இல்லை.

பரண் மேலிருந்து அத்தையின் சீர்ப் பாத்திரங்களை இறக்கினோம். புளி போட்டுத் தேய்த்ததும் பித்தளைத் தவலை பளிச்சென்று வந்தது. இப்போது அது குடை வைக்கிற இடம். அத்தைக்குச் சம்மதமில்லை, ஆனால் வருகிறவர்களிடம் "இது என் அப்பா போட்டது" என்று அவரேதான் காட்டுகிறார்.

குடும்பப் படங்களுக்குச் சட்டம் போட்டபோது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: கண்ணாடி படத்தில் நேராகப் படக் கூடாது, நடுவே அட்டை வேண்டும். ஈரக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சின்னத் தக்கைத் துண்டு, சுவரைத் தொடாமல் நிற்பதற்கு. மழை முடிந்து கழற்றிப் பார்த்தேன், பூஞ்சை இல்லை.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. எல்லாம் போகக் கையில் 4,100 மிச்சம். நான் பெல்ஜியம் கண்ணாடி வைத்த பழைய நிலைக்கண்ணாடி ஒன்றை பாண்டி சண்டே மார்க்கெட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். இவர் மாடிக்கு ஃபேன் என்கிறார். அத்தை, கொல்லைக் கதவின் கீலை முதலில் மாற்று என்கிறார். அடுப்படியைத் தொட மட்டும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. போகிக்கு முன்னால் சுண்ணாம்புப் பெரியவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அப்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.