மந்திரவாதி வரும் கதைகளும் கிறிஸ்தவ வாசகரும்

ஃபேன்டஸி நாவல் வேண்டாம் என்பவர்கள் முதலில் திறப்பது உபாகமம் 18:10-12. குறிசொல்லுதல், சூனியம், செத்தவர்களிடத்தில் குறிகேட்பது எல்லாம் அங்கே கர்த்தருக்கு அருவருப்பு. அடுத்தது அப்போஸ்தலர் 19:19. எபேசுவில் எரிந்த புத்தகங்களின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. இரண்டும் கனமான வசனங்கள்தான். ஆனால் உபாகமம் விலக்குவது செய்கையை. எபேசுவில் எரித்தவர்களும் மாயவித்தை நடத்திவந்தவர்களே. எரித்தது தங்கள் சொந்தப் புத்தகங்களை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் கதைப்புத்தகத்தைப் பிடுங்க அந்த வசனம் துணைவராது.

நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் சொல்லும் உவமைக் கதையில் மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஆகக் கற்பனை என்பதாலேயே ஒரு கதை பொய்யாகிவிடாது. செத்தவர்களை எழும்பப்பண்ணி அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீயிடம் சவுல் ராஜா போனதையும் வேதம் சொல்கிறது (1 சாமுவேல் 28). அதைச் சவுலின் வீழ்ச்சியாகச் சொல்கிறது. சூனியம் வருகிறதா என்பதைவிட, கதை அதை எந்தப் பக்கம் நிறுத்துகிறது என்பதே பார்க்க வேண்டியது.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் மோதிரக் கதையை (‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’) அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்று 1953-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதில் வரும் மந்திரவாதி காண்டால்ஃப் வித்தை கற்ற மனிதன் அல்ல. தூதனைப் போல அனுப்பப்பட்டவர். மற்றவர்களை அடக்கி ஆளும் சக்தி மோதிரத்தில் இருக்கிறது, அதை அழிப்பதுதான் கதை. ஹாரி பாட்டரில் மந்திரம் பிறவித் திறமை; ஆவிகளை அழைத்துப் பெறுவதல்ல. ஆனால் குறிசொல்லுதல் அங்கே பள்ளிப் பாடம், கதையே ஒரு தீர்க்கதரிசனத்தின்மேல் நிற்கிறது. பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது. அதே தொடரின் கடைசி நூலில் (2007) ஹாரியின் பெற்றோர் கல்லறையில், கடைசிச் சத்துருவாகிய மரணம் அழிக்கப்படும் என்கிற 1 கொரிந்தியர் 15:26 பொறிக்கப்பட்டிருக்கிறது. எதிர்த்தவர்களில் எத்தனை பேர் அதுவரை வாசித்தார்களோ!

ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ முத்தொகுதியில் சிக்கல் வேறு. அங்கே கடவுளாக வணங்கப்படுகிறவர் தளர்ந்துபோன கிழவர், காற்றில் கரைந்துவிடுகிறார். மந்திரத்தை மட்டும் தேடுகிற கண்ணுக்கு இது தப்பிவிடும்.

நூலை வாங்குமுன் முதல் சில அத்தியாயங்களையும் முடிவையும் பெரியவர் ஒருவர் வாசித்துவிடுவது நல்லது. வாசித்து முடித்த பிள்ளையிடம் கேட்க மூன்று கேள்விகள் போதும்: இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? நல்லவன் கெட்டவனின் வழியிலேயே ஜெயித்தானா? பிள்ளை குறிசொல்லும் டாரட் சீட்டு, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லப்படும் வீஜா பலகை என்று தேட ஆரம்பித்தாலோ, இரவில் பயந்து விழித்தாலோ, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேச வேண்டும். திட்டினால் வாசிப்பு ஒளிவுமறைவாகப் போகும்.

சூனியப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர்களின் நிலை வேறு. நமக்கு வெறும் கதையாக இருப்பது அவர்களுக்குப் பழைய கதவு. பலவீனமான மனச்சாட்சியுள்ளவருக்கு இடறலாகாதே என்கிற 1 கொரிந்தியர் 8 இங்கே நேரடியாகப் பொருந்தும்: டோல்கீனின் பக்தியை எடுத்துச்சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கக் கூடாது. அவர்கள் வருகிற வாலிபர் கூடுகையில் இப்படிப்பட்ட கதைகளின் திரைப்படத்தைத் திரையிடவும் வேண்டாம்.